உங்க பழைய சட்டை கடைசியில் எங்கே போகுது? பாத்திரக்காரர் மூட்டையில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் இந்தக் குரல் கேட்கும்: "தம்பி, கொஞ்சம் வேஸ்ட் எடு." அவர் கேட்பது குப்பையை இல்லை. மெஷினில் வழியும் ஆயிலையும் கையில் ஒட்டிய கிரீஸையும் துடைக்கிற துணியைத்தான். மூலையில் கிடக்கும் சாக்குப் பையில் கையை விட்டால் யாரோ போட்ட பனியன், யாரோ கட்டிய காட்டன் புடவையின் ஒரு துண்டு, பள்ளிச் சீருடையின் பாதிக் கை என்று வரும்.

செகண்ட் ஹேண்ட் ஃபேஷன், அப்சைக்கிளிங், 'ப்ரீ லவ்டு' என்று இன்ஸ்டாகிராமில் இப்போது ஓடும் பேச்சுக்கு முன்னாடியே, நம்ம ஊரில் பழைய துணிக்கு ஒரு பெரிய பாதை இருக்கு. அந்தப் பாதையில் துணி கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கையிலும் அதுக்கு ஒரு விலை உண்டு. ஒரு கட்டத்துக்கு அப்புறம் அதில் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பதை ஃபேஷன் பேச்சில் யாரும் கேட்பதில்லை.

எவ்வளவு துணி கழிக்கிறோம்?

ஃபேஷன் ஃபார் குட் என்ற அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வுப்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் ஜவுளிக் கழிவு சேருகிறது. உலக ஜவுளிக் கழிவில் இது ஏறக்குறைய 8.5 சதவீதம். இதில் பாதிக்கு மேல், அதாவது 51 சதவீதம், நாம் உடுத்திக் கழித்த துணி. 42 சதவீதம் மில்லிலும் தையல் ஆலையிலும் விழும் கட்டிங் வேஸ்ட் போன்றவை. மீதி 7 சதவீதம் வெளிநாட்டில் இருந்து வருவது.

ஆக, திருப்பூரில் விழும் துண்டுத் துணியைவிட நம்ம பீரோவில் இருந்து வெளியே போகும் துணிதான் அதிகம்.

பாத்திரக்காரர் எதைப் பார்த்து விலை சொல்றார்?

திருவள்ளூர், பொன்னேரி, ஆவடி பக்கம் தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருப்பீங்க. ஒரு மூட்டை துணி கொடுத்தால் பிளாஸ்டிக் பேசின், கொஞ்சம் நல்ல துணியாக இருந்தால் எவர்சில்வர் கிண்ணம். வட இந்தியாவில் இதே தொழிலை வாக்ரி சமூகத்துப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் துணிக்காகவே டெல்லி ரகுபீர் நகரில் ஒரு பெரிய சந்தை நடக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் "இது நல்ல சட்டைங்க, ரெண்டு தடவைதான் போட்டது" என்பார்கள். வாங்குபவர் காலரையும் கக்கத்தையும் பார்ப்பார், அப்புறம் துணியை விரலால் கசக்குவார். அந்தக் கசக்கலில்தான் விஷயமே இருக்கு. பருத்தியா, டெரிகாட்டனா, முழு பாலியஸ்டரா? கிழியாத சட்டை மறுபடி உடுத்தப் போகும். கிழிந்ததுக்கும் விலை உண்டு, ஆனால் அது பருத்தியாக இருக்கணும். கிழிந்த பாலியஸ்டருக்குக் கிட்டத்தட்ட விலையே கிடையாது. ஆயிலை உறிஞ்சாத துணியை எந்தப் பட்டறையும் வாங்காது.

பட்டுப்புடவை கதையே வேற. "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று வருபவருக்குப் புடவை தேவையில்லை, ஜரிகைதான் தேவை. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கும், மேலே மெல்லிய தங்க முலாம் இருக்கும். பட்டை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அதனால் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த வியாபாரமும் சூடு பிடிக்கும். பாட்டியின் கல்யாணப் புடவையைக் கொடுக்கும் முன் ஜரிகை அசலா, இமிடேஷனா என்று நகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ கேட்டுக்கொள்வது நல்லது. அசல் ஜரிகைப் புடவையை ஒரு பேசினுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் வருத்தப்பட்டு பயனில்லை.

மறுபடி உடுத்துவதில் என்ன தயக்கம்?

சீனாவின் பெருநகரங்களில் இந்தத் தயக்கம் இப்போது உடைந்து வருகிறது. அலிபாபா நிறுவனம் 2014இல் தொடங்கிய சியான்யூ என்ற செயலியில் இளைஞர்கள் பழைய துணியை விற்பதும் வாங்குவதும் சாதாரணம். அதே நேரத்தில் அங்கே சேரும் பழைய துணியில் பெரும் பகுதி ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. பழைய துணி ஏற்றுமதியில் சீனா இன்று உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று.

இந்தியாவுக்குள் அப்படி நேரடியாக வர முடியாது. உடுத்திய துணியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் உரிமம் வேணும். குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள நிறுவனங்கள் வெளிநாட்டுப் பழைய துணியைக் கொண்டுவந்து தரம் பிரித்து மறுபடி ஏற்றுமதி செய்கின்றன. கத்தியால் கிழித்து, உடுத்த முடியாதபடி ஆக்கிய துணி மட்டும் கந்தல் என்ற பெயரில் தாராளமாக உள்ளே வரலாம். உள்ளூர் ஜவுளித் தொழிலைக் காப்பாற்றத்தான் இந்தக் கட்டுப்பாடு. கானா தலைநகர் அக்ராவின் காண்டமாண்டோ சந்தையில் மலைபோல் குவியும் வெளிநாட்டுத் துணியைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும்.

நம்ம ஊரில் விற்பதில் பெரும்பாலானது உள்ளூர் வீடுகளில் கழித்த துணி. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை போன்ற இடங்களில் கிடைக்கும். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தடவை கட்டிய டிசைனர் புடவைகள் விற்பனைக்கு வருகின்றன. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் காட்டன் ஸ்ட்ரீட்டில் விற்பது பழைய துணி இல்லை. அது ஏற்றுமதி ஆலைகளில் மிஞ்சிய புதுத் துணி. 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' வேற, செகண்ட் ஹேண்ட் வேற.

தமிழர்களுக்குப் பழைய துணி என்றாலே ஆகாது என்று சொல்வதும் சரியில்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் போடுவதே பழைய துணிதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியைத் தேடி எடுப்பார்கள். தூளி கட்டுவது அம்மாவின் பழைய காட்டன் புடவையில். அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதும் அப்படித்தான். நெருங்கிய உறவில் இருந்து வந்தால் அது பாசம். முகம் தெரியாதவரிடம் இருந்து வந்தால்தான் மனசு ஒப்பாது.

2004 சுனாமி இதை எல்லாருக்கும் காட்டியது. நாடு முழுக்க இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. அழுக்கோடும் கிழிசலோடும் வந்ததை மீனவக் குடும்பங்கள் தொட மறுத்தன. நாகப்பட்டினம் பகுதியில் சாலையோரங்களில் அவை குவிந்து கிடந்தன. கொடுப்பவர்கள் தங்களுக்கு வேண்டாததை அனுப்பினார்கள். வாங்குபவர்களுக்கு என்ன வேணும் என்று யாரும் கேட்கவில்லை. அப்போது களத்தில் வேலை செய்த கூன்ஜ் அமைப்பு, பழைய துணியை இலவசமாக வீசாமல், ஊர் வேலைக்கான ஊதியமாகக் கொடுக்கும் முறையைப் பல மாநிலங்களில் நடத்தி வருகிறது. அதை நிறுவிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

உருக்காலை வேலைக்குப் பழைய துணி வாங்கலாமா?

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் இருக்கு. இங்கே இரும்பு உருக்காலைகளும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் நிறைய. வேலைக்கு நல்ல சட்டை எதுக்கு என்று மலிவான பழைய பேன்ட், சட்டை வாங்கிப் போடுவது ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் சகஜம். காசு மிச்சம்தான். ஆனால் துணி எந்த நூலில் ஆனது என்று பார்க்காமல் வாங்கினால் உயிருக்கே ஆபத்து.

பாலியஸ்டர் சூட்டில் எரிவதோடு நிற்காது, உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். தீப்பொறி பட்ட இடம் சின்னதாக இருந்தாலும் காயம் ஆழமாக இறங்கும், துணியைப் பிய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பருத்தியும் எரியத்தான் செய்யும், ஆனால் உருகி ஒட்டாது. அதனால் உலை, வெல்டிங், கேஸ் கட்டிங் பக்கம் நிற்பவர்களுக்குக் கனமான பருத்தித் துணிதான் ஏற்றது. பழைய, தடித்த முழுப் பருத்தி ஜீன்ஸ் கிடைத்தால் பரவாயில்லை. ஸ்ட்ரெச் ஜீன்ஸ் வேண்டாம், அதில் செயற்கை இழை கலந்திருக்கும்.

பழைய துணியில் லேபிள் இருக்காது. எப்படிக் கண்டுபிடிப்பது? தையல் மடிப்பில் இருந்து ஒரே ஒரு நூலை உருவுங்க. திறந்த வெளியில், இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்க. காகிதம் எரியும் வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சினால் பருத்தி. சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான கருப்பு மணி மாதிரி ஆனால் பாலியஸ்டர். ரெண்டும் கலந்து தெரிந்தால் டெரிகாட்டன், அதையும் உலைப் பக்கம் கொண்டு போக வேண்டாம்.

இதெல்லாம் தொழிலாளி தன் பங்குக்குப் பார்க்க வேண்டியது. பாதுகாப்பு உடை கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. சந்தையில் வாங்கிய சட்டை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதுக்கு ஈடாகாது.

எங்கே உடுத்துவதாக இருந்தாலும் வாங்கிய துணியை நேரே போட்டுக்கொள்ளக் கூடாது. சொறி சிரங்கை உண்டாக்கும் பூச்சி, மனித உடம்பை விட்டு வந்தபின் ரெண்டு மூணு நாள் வரை உயிரோடு இருக்கும். வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் போதும். வெந்நீர் தாங்காத துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம் துவைக்கலாம்.

அப்சைக்கிள், ரீசைக்கிள்: என்ன வித்தியாசம்?

பழைய துணியை நூலாகப் பிரிக்காமல், துணியாகவே வைத்து வேறொரு பொருளாக மாற்றினால் அது அப்சைக்கிள். புடவையில் குர்தா, ஜீன்ஸில் பை. துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கினால் அது ரீசைக்கிள்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் சுனாமிகா பொம்மை. 2005இல் ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், சுனாமியில் பாதித்த மீனவக் கிராமப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அதை விற்கவில்லை, பரிசாகவே கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் அந்தப் பொம்மைகள் உலகம் சுற்றின. பழைய துணியைத் தொட மறுத்த அதே கடற்கரையில்தான் இதுவும் நடந்தது.

இன்னும் பழைய கதை ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணியைக் கப்பலேற்றினார்கள். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்றுதான் பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அது. இந்தச் சென்னைப் பகுதிக் கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதில் சில நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, புது வடிவம் கொண்டுவந்து 'பெலேடே பைட்' என்று பெயர் வைத்தார்கள். வாங்கிய துணியின் மதிப்பை இப்படிக் கூட்டுவதற்கு அன்று அப்சைக்கிள் என்ற பெயர் கிடையாது, அவ்வளவுதான்.

ரீசைக்கிளில் பெரிய பெயர் ஹரியானாவின் பானிபட். உலகம் கழித்த கம்பளி உடைகளைப் பஞ்சாக்கி, நூற்று, மலிவான போர்வை நெய்யும் ஊர். அங்கே துணி பிரிக்கும் பெண்களைப் பற்றி 2012இல் 'அன்ராவல்' என்ற குறும்படம் வந்தது. இவ்வளவு நல்ல துணியை வெளிநாட்டுக்காரங்க ஏன் தூக்கிப் போடுறாங்க என்ற கேள்விக்கு அதில் வரும் பதில்: அங்கே தண்ணீர் விலை ஜாஸ்தியாக இருக்கும், துவைக்கிறதைவிட வீசுவது லாபம் போல.

தமிழ்நாட்டில் திருப்பூர் கட்டிங் வேஸ்ட், நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு ஓப்பன் எண்ட் மில்களுக்குப் போகிறது. நிறம் ஏற்கெனவே இருப்பதால் சாயம் போடும் வேலையும் மிச்சம். பெட்ஷீட், கைலி, தரை துடைக்கும் மாப் எல்லாம் அந்த நூலில் வருகின்றன. ஆலைத் தொழிலாளர்கள் கையில் போடும் மலிவான பின்னல் கையுறையும் பெரும்பாலும் இந்த வகை நூல்தான். 2023 பிப்ரவரி 8ஆம் தேதி பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல நிற ஜாக்கெட்டின் துணி கரூரில் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தயாரித்தது. செய்திகளில் பெரிதாக வந்தது. ஆனால் அது பாட்டில் ரீசைக்கிள். உடுத்திக் கழித்த டெரிகாட்டன் சட்டையை மறுபடி நூலாக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் பின்னிக் கிடப்பதைப் பிரிப்பதுதான் உலகம் முழுக்க இந்தத் துறைக்கு இருக்கும் தலைவலி.

போகிக்கு எரிக்கலாமா?

கூடாது. பழைய துணியில் இப்போது செயற்கை இழையும் கலந்திருக்கும். அதை எரிப்பதும் பிளாஸ்டிக்கை எரிப்பதும் ஒன்றுதான். 2018 போகி அன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமாகின. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் எரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் என்றால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் உத்தரவிட்டிருக்கு.

உடுத்தக்கூடியதைத் துவைத்து, மடித்து, பட்டன் போன இடத்தில் பட்டன் தைத்துக் கொடுங்க. நகராட்சிகளில் 2023 முதல் திறக்கப்பட்ட மறுபயன்பாட்டு மையங்களில் வாங்கிக்கொள்வார்கள். 2017இல் திருநெல்வேலியில் தொடங்கிய 'அன்புச் சுவர்' மாதிரி இடங்கள் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் வைக்கலாம். கிழிந்த பருத்தியைத் தனியாகக் கட்டிக் காயலான் கடைக்கோ பாத்திரக்காரருக்கோ கொடுக்கலாம். ஈரத்தோடு கட்டாதீங்க. ஒரு துணியில் பூஞ்சை பிடித்தால் மூட்டையே வீண்.

அந்தக் கிழிந்த பருத்திதான் 'வேஸ்ட்' ஆகிறது

தரம் பிரிக்கும் இடத்தில் முதலில் பட்டன், ஜிப், ஹூக்கை வெட்டி எடுப்பார்கள். இரும்புப் பரப்பைத் துடைக்கும்போது கீறல் விழக்கூடாது இல்லையா? கெட்டியான தையலும் போகும். அப்புறம் கையளவு, ரெண்டு கையளவு துண்டுகளாக வெட்டிக் கிலோ கணக்கில் விற்பனை. வெள்ளை பனியன் வேஸ்ட்டுக்கு விலை அதிகம். சாயம் போகாது, அழுக்கு எவ்வளவு வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். புதுத் துணியைவிடப் பழசுதான் இந்த வேலைக்கு நல்லது. பல தடவை துவைத்ததில் கஞ்சியும் பசையும் போய், நன்றாக உறிஞ்சும்.

பிரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. துணித்தூசி மூக்கில் ஏறும், பிளேடு கையை வெட்டும், மூட்டையில் ஊசி இருக்கும். ஒரு சட்டையின் பயணத்தில் ஆபத்து முதலில் வந்து சேரும் கை இதுதான்.

ஆயில் பட்டதும் சட்டம் மாறுது

பட்டறையில் துடைக்கும் முன்வரை அது வெறும் பழைய துணி. யாரும் யாருக்கும் விற்கலாம். ஆலையில் ஆயில், கிரீஸ், கெமிக்கல் பட்ட அடுத்த நிமிஷம் அது அபாயகரக் கழிவு. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் முதல் அட்டவணையில், மாசுபட்ட பருத்திக் கந்தலும் துடைக்கும் பொருட்களும் 33.2 என்ற எண்ணில் தனியாகவே பட்டியலிடப்பட்டிருக்கின்றன.

அதன்படி ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேணும். கந்தலைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது. வெளியே அனுப்பும்போது எவ்வளவு, எந்த வண்டியில், யாரிடம் போகிறது என்ற விவரச் சீட்டு கூடவே போகணும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கும் காட்டணும். சாதாரண குப்பை வண்டியில் போடுவதும், காயலான் கடைக்கு விற்பதும், பின்பக்கம் போட்டுக் கொளுத்துவதும் விதிமீறல்.

சில்லறை விஷயத்துக்கு இவ்வளவு சட்டமா என்று தோணலாம். ஆயில் கந்தலை மண்ணில் போட்டால் மழைக்கு ஆயில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். பெயின்ட், லின்சீடு ஆயில் போன்றவை பட்ட துணியைக் குவித்து வைத்தால் யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். அந்த ஆயில் காற்றில் உலரும்போது சூடு உண்டாகும், குவியலுக்குள் இருந்து அந்தச் சூடு வெளியே போக வழி இருக்காது. அதனால்தான் மூடி போட்ட இரும்பு டப்பாவில் போடச் சொல்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் மூலையில் வீசிவிட்டுப் போவது ராத்திரி காவலுக்கு இருப்பவருக்குத்தான் ஆபத்து.

கையெழுத்து போட வேண்டியது நிர்வாகம். ஆனால் கந்தலைக் கையால் அள்ளி மூட்டை கட்டுவது அநேகமாக ஒப்பந்தத் தொழிலாளி. ஆயில் இறங்காத கையுறை கொடுத்தார்களா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பின்னல் கையுறை இதற்குப் போதாது, ஆயில் அதில் நேரே தோலுக்கு இறங்கிவிடும். வேலைச் சட்டையில் ஆயில் இருந்தால் வீட்டில் குழந்தைகள் துணியோடு சேர்த்து ஊறப்போடாமல் தனியாகத் துவைக்கணும்.

இந்தக் கந்தல் எல்லாம் போய்ச் சேரவும் கும்மிடிப்பூண்டியிலேயே இடம் இருக்கு. சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு வேஸ்ட் மேனேஜ்மென்ட் லிமிடெட் நடத்தும் பொது அபாயகரக் கழிவு மையம் பல மாவட்ட ஆலைகளின் கழிவை வாங்குகிறது. எரிசக்தி மிஞ்சியிருக்கும் கழிவு சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். அப்படிப் போகாதது, கீழே நீர் இறங்காத தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குழியில், அடுக்கடுக்காகப் புதைக்கப்படும். குழி நிறைந்ததும் மேலேயும் அதே விரிப்பைப் போட்டு, மண் மூடி, கசிவு இருக்கிறதா என்று சுற்றியுள்ள நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்கணும்.